எண்ணெய் பாய்லர் உள்ள பழைய வீடு வாங்குகிறீர்களா? சிம்னியைச் சரிபார்க்க ஒரு வழிகாட்டி (மாசசூசெட்ஸ்)

ஷ்ரூஸ்பரி, ஆக்டன், ஃப்ரேமிங்ஹாம் பக்கம் வீடு தேடும் நம் ஆட்கள் பள்ளிக்கூடத்தின் தரத்தை அலசுகிறார்கள், வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார்கள், சமையலறையை அளந்தே விடுகிறார்கள். பேஸ்மென்ட்டுக்கு இறங்கினால் மட்டும் "ஓ, ஆயில் ஹீட்டா" என்று ஒரு பார்வையோடு மேலே ஏறிவிடுகிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்தவருக்கு வீட்டைச் சூடாக்கப் பேஸ்மென்ட்டில் உள்ள பாய்லரில் எண்ணெய் எரியும், அதன் புகை சுவருக்குள் ஓடும் செங்கல் சிம்னி வழியாக வெளியேறும் என்பதெல்லாம் பழக்கமே இல்லாத விஷயம். எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாது.

நாங்கள் வாங்கிய வீட்டில் பழைய பாய்லரை மாற்றப் போனபோது எனக்குப் புரிந்தது இதுதான்: பாய்லர் நிறுவனம் பாய்லரை மட்டும் பார்க்கும், சிம்னி ஆள் சிம்னியை மட்டும் பார்ப்பார். இரண்டையும் இணைக்கும் குழாயையும், புது பாய்லருக்கு அந்தச் சிம்னி பொருந்துமா என்ற கேள்வியையும் யாரும் தொடுவதில்லை. நிறமோ வாடையோ இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும் வழிகளில் அந்த இணைப்பும் ஒன்று. அந்த இரண்டு பேரையும் ஒரே காகிதத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு வீட்டுக்காரரான உங்களுடையது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எதையும் நீங்களே கழற்றி மாட்டக் கூடாது. எண்ணெய் பர்னரில் (பாய்லரில் எண்ணெயைத் தெளித்து எரிக்கும் பகுதி) கை வைக்க மாசசூசெட்ஸில் மாநிலத் தீயணைப்புச் சேவைகள் துறையின் சான்றிதழ் வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது பார்ப்பது, கேட்பது, எழுதி வாங்குவது. கனெக்டிகட், நியூ ஹாம்ப்ஷயர், மெயின் பக்கம் இருப்பவர்களுக்குச் சிம்னி பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும். பெர்மிட் விவரங்களையும் சட்ட விதிகளையும் மட்டும் உங்கள் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பேஸ்மென்ட்டில் நின்று புகை போகும் வழியைப் பாருங்கள்

வீடு பார்க்கப் போகும் அன்றே பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பாய்லரின் மேலிருந்தோ பின்னாலிருந்தோ ஒரு தகரக் குழாய் கிளம்பும். வழியில் வட்டமான சின்னக் கதவு ஒன்று தொங்கும். அதற்குப் பிறகு குழாய் சுவரில் ஒரு ஓட்டைக்குள் போய்ச் சிம்னியில் சேரும். அந்த ஓட்டையைத் திம்பிள் என்பார்கள். சிம்னியின் அடியில், தரைக்குச் சற்று மேலே, சாம்பல் அள்ளுவதற்கான இரும்புக் கதவு இருக்கும். இவை நான்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் என்ன தேட வேண்டும்? திம்பிளைச் சுற்றிப் பூசிய சிமென்ட் விரிசல் விட்டு, விரிசலின் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தால், புகை அந்த வழியாக உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். குழாயில் துரு ஓட்டை, மூட்டில் சுற்றிய அலுமினிய டேப், நடுவில் தொய்ந்து போன குழாய், பாய்லரின் முன்பக்கத்தில் கறுப்புத் தீற்றல் எல்லாமே கேள்வி கேட்க வேண்டிய அடையாளங்கள். வெளியே வந்து சிம்னிச் செங்கலில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால்தான் அப்படிப் பூக்கும்.

இரும்புக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே கைப்பிடி சாம்பல் இருந்தால் பரவாயில்லை. பூந்தொட்டி உடைந்தது போலச் செம்மண் நிறச் சில்லுகள் கிடந்தால், அது லைனர், அதாவது சிம்னிக்குள் புகை போகும் களிமண் உள்ளுறை, உதிர்ந்து விழுந்தது. சில்லுகள் சேர்ந்து குவிந்தால் குவியல் மெல்ல உயர்ந்து திம்பிளின் வாயை அடைத்துவிடும்.

வரவேற்பறையில் விறகு அடுப்பு இருந்தால், அதுவும் பாய்லரும் ஒரே துளையில் புகை விடுகின்றனவா என்று கட்டாயம் கேளுங்கள். வெளியிலிருந்து ஒரே சிம்னியாகத் தெரிந்தாலும் உள்ளே தனித்தனித் துளைகள் இருக்க வேண்டும். கூரை மேல் சிம்னி உச்சியில் எத்தனை வாய்கள் தெரிகின்றன என்று எண்ணினாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

2. ஆஃபர் கொடுத்த பிறகு கேட்க வேண்டிய காகிதங்கள்

விற்பவரின் ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

- பாய்லரின் கடைசி இரண்டு வருட சர்வீஸ் சீட்டுகள். பாய்லர் பக்கத்திலேயே ஒரு அட்டையில் தேதியும் எண்களும் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அதையும் படம் எடுங்கள்.
- பாய்லர் நிறுவிய ஆண்டும், அதற்கான பெர்மிட்டும். விற்பவரிடம் இல்லை என்றால் ஊர்த் தீயணைப்புத் துறையில் நீங்களே கேட்கலாம்.
- சிம்னியில் லைனர் போட்டிருந்தால் அதன் ரசீதும் வாரன்ட்டியும். வாரன்ட்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்றும் கேளுங்கள்.
- எண்ணெய்க் குழாயில் பாதுகாப்பு வால்வோ உறையோ போட்ட சான்று. 2011 செப்டம்பர் 30க்குள் இதைச் செய்திருக்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். இன்னும் செய்யாத வீடுகளும் உண்டு.

இங்கே ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. வீடு கைமாறும்முன் தீயணைப்புத் துறை வந்து புகை அலாரத்தையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் பார்த்துச் சான்றிதழ் தரும். ஒரு குடும்ப வீட்டுக்கு 50 டாலர், அதை விற்பவர் கட்டுவார். "ஃபயர் டிபார்ட்மென்ட் வந்து பார்த்தாச்சு, எல்லாம் ஓகே" என்று இதைக் காட்டுவார்கள். அவர்கள் பார்த்தது அலாரங்களை மட்டும். சிம்னிக்கும் அந்தச் சான்றிதழுக்கும் சம்பந்தமில்லை.

அதேபோல, நீங்கள் பணம் கொடுத்து அழைத்து வரும் ஹோம் இன்ஸ்பெக்டரும் சிம்னியின் உட்புறத்தைப் பார்க்கக் கடமைப்பட்டவர் அல்ல. அவருடைய அறிக்கையில் "சிம்னி நிபுணரை அணுகவும்" என்று ஒரு வரி இருக்கும். நூறு பக்க அறிக்கையில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

3. லெவல் 2 சிம்னி பரிசோதனை

அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 211ஆம் எண் தரவிதி, சிம்னிப் பரிசோதனையை மூன்று மட்டங்களாகப் பிரிக்கிறது. முதல் மட்டம் ஆண்டுதோறும் செய்யும் சாதாரணப் பார்வை. வீடு கைமாறும்போதும், பாய்லரையோ எரிபொருளையோ மாற்றும்போதும் செய்ய வேண்டியது இரண்டாம் மட்டம். அதில் கேமராவை உள்ளே விட்டு அடி முதல் நுனி வரை பார்ப்பார்கள். மூன்றாம் மட்டத்தில் சுவரை உடைத்துப் பார்ப்பார்கள், அது அபூர்வம்.

போனில் அழைக்கும்போதே "லெவல் 2, வீடு வாங்குவதற்காக, எண்ணெய் பாய்லர் துளையும் சேர்த்து" என்று சொல்லுங்கள். கடைசிச் சொற்கள் முக்கியம். சொல்லாவிட்டால் வரவேற்பறை அடுப்பின் துளையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாய்லர் துளையைப் பார்க்க, பாய்லரை அணைத்து ஆறவிட்டு, குழாயைத் திம்பிளிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும். யார் கழற்றுவார்கள், யார் திரும்ப மாட்டிப் பூசுவார்கள் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

செலவு: எனக்கு வந்த மதிப்பீடுகள் 250 முதல் 500 டாலர் வரை இருந்தன. ஆஃபரில் பரிசோதனைக்கு ஒதுக்கும் காலம் பொதுவாக ஏழு முதல் பத்து நாள்தான். ஆகவே ஆஃபர் ஏற்கப்பட்ட அன்றே அழைத்துவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் சிம்னி ஆட்கள் கிடைப்பது கஷ்டம்.

வருபவரிடம் அமெரிக்கச் சிம்னிப் பாதுகாப்பு நிறுவனத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். 79 டாலர், 99 டாலர் என்று சுத்தம் செய்ய விளம்பரம் கொடுத்து, வீட்டுக்குள் வந்ததும் "லைனர் உடைந்துவிட்டது, இன்றே மாற்றாவிட்டால் உயிருக்கு ஆபத்து" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அதற்காக அவர் சொல்வதைப் பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் உண்மையிலேயே உடைந்திருக்கலாம். எனவே கேமராப் பதிவு முழுவதையும் கேளுங்கள். உங்கள் சிம்னியின் உச்சியோ திம்பிளோ தெரியும் இடத்தில் தொடங்கி, வெட்டாமல் ஓட வேண்டும். அதை வைத்து இன்னொருவரிடம் இரண்டாவது கருத்து கேட்கலாம். அது வரும் வரை பாய்லரை ஓட்டுவது பாதுகாப்பா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பறவைக் கூடு இருந்தால் ஒரு விஷயம். சிம்னி ஸ்விஃப்ட் என்ற பறவை கோடையில் சிம்னிக்குள் கூடு கட்டும். குஞ்சு இருக்கும் காலத்தில் அந்தக் கூட்டை எடுப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பறவை போன பிறகு எடுத்து, வலை வைத்த மூடி போட்டுவிடுங்கள்.

4. லைனர்: செலவும் சிக்கலும் இங்கேதான்

ஒரு கேலன் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கேலன் தண்ணீர் நீராவியாகச் சிம்னியில் ஏறுகிறது. புகை சூடாக இருக்கும் வரை நீராவி அப்படியே வெளியே போய்விடும். புகை ஆறிப் போனால் உள்சுவரில் வியர்க்கும். அந்த ஈரம் எண்ணெயில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி, களிமண் லைனரையும் அதன் மூட்டுகளையும் அரிக்கும். 2018 ஜூலை முதல் மாசசூசெட்ஸில் விற்கும் வீட்டு எண்ணெயில் கந்தகம் பத்து லட்சத்தில் 15 பங்கு மட்டும்தான் இருக்கலாம். அதனால் அமிலத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஐம்பது, அறுபது வருடம் குடித்த கந்தகம் உங்கள் சிம்னியின் சுவரில் இருக்கிறது.

இப்போது பழைய பாய்லரைப் புதிய, சிக்கனமான பாய்லராக மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். பழையதன் புகை 500, 600 டிகிரி ஃபாரன்ஹீட்டில் போய்க்கொண்டிருந்தது. புதியது 350, 400 டிகிரியில் அனுப்பும். நமக்கு மிச்சமாகும் பணம் சிம்னிக்குக் குறையும் சூடு. அதோடு பழைய துளை புது பாய்லருக்கு மிகப் பெரியதாக இருந்தால் புகை மெதுவாக ஏறி மேலும் ஆறும். சிம்னி வீட்டின் வெளிச்சுவரில், மூன்று பக்கமும் குளிர் படும்படி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எத்தனையோ வருடம் தொல்லையில்லாமல் இருந்த சிம்னி, புது பாய்லர் வந்த இரண்டு மூன்று குளிர்காலத்தில் உதிர ஆரம்பிப்பது இதனால்தான்.

புது பாய்லரின் நிறுவல் கையேட்டில், எந்த அளவுச் சிம்னி வேண்டும் என்று அட்டவணை இருக்கும். பல வீட்டுப் பாய்லர்களுக்கு 8க்கு 8 அங்குலக் களிமண் லைனர், 15 அடி உயரம் என்று போட்டிருப்பார்கள். அதை உங்கள் சிம்னிப் பரிசோதனை அறிக்கையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றாலோ, லைனரே இல்லாத வெறும் செங்கல் துளை என்றாலோ, உள்ளே துருப்பிடிக்காத எஃகு லைனர் இறக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, உலோகம். எண்ணெய்க்கு 316 வகை எஃகு, எண்ணெய்க்கென்று சான்று பெற்றது. அலுமினிய லைனர் சில எரிவாயுக் கருவிகளுக்கு மட்டும்தான், எண்ணெய்க்குக் கூடாது. விலை பாதி என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுங்கள். இரண்டாவது, விட்டம். சிம்னி ஆள் கையில் இருப்பதைப் போடக் கூடாது. பர்னர் எத்தனை பி.டி.யூ. (ஒரு மணி நேரத்தில் தரும் வெப்பத்தின் அளவு), சிம்னி எத்தனை அடி உயரம் என்ற இரண்டையும் வைத்து அளவைத் தீர்மானிக்க வேண்டும். பாய்லர் ஆள் கொடுத்த எண்ணைச் சிம்னி ஆளின் எஸ்டிமேட்டில் எழுத வையுங்கள். மூன்றாவது, வெளிச்சுவர்ச் சிம்னி என்றால் லைனரைச் சுற்றி இன்சுலேஷன்.

செலவு 2,000 டாலரில் தொடங்கி, உயரமும் வளைவும் கூடினால் 5,000 வரை போகும். வேலை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். பல ஊர்களில் இதற்குக் கட்டட பெர்மிட் தேவை. ஒப்பந்தக்காரர் மாநிலத்தின் வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தக்காரர் பதிவில் இருக்கிறாரா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பொதுவாக மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கேட்க அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. தனியாகச் செய்யச் சொல்லி வரவழைக்கும் பொருளின் விலை அதற்கு மேல் போனால் மட்டும் விதிவிலக்கு. உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு.

5. பாய்லரை மாற்றுவதானால்: எஸ்டிமேட்டும் பெர்மிட்டும்

எங்களுக்கு வந்த முதல் எஸ்டிமேட்டில் கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: "சிம்னி வேலை சேர்க்கப்படவில்லை." பழைய பாய்லரைக் கழற்றிய அன்று காலை, பேஸ்மென்ட் குளிர்ந்து கிடக்கும்போது "லைனர் போடாமல் நாங்கள் இணைக்க மாட்டோம், இரண்டாயிரத்து எண்ணூறு கூடுதல்" என்றார்கள். அவர்கள் இணைக்க மறுத்தது சரிதான். அதை மூன்று வாரம் முன்பு, வீட்டைப் பார்க்க வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

உங்களுக்கு அப்படி நடக்காமல் இருக்க, எஸ்டிமேட்டில் இவை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்:

- சிம்னித் துளையின் அளவும் நிலையும் பார்த்து ஏற்கப்பட்டது என்ற வரி, அல்லது லைனர் செலவு தனி வரியாக.
- புது இணைப்புக் குழாய், புது டிராஃப்ட் டாம்பர் (குழாயில் தொங்கும் அந்த வட்டக் கதவு), திம்பிள் பூச்சு.
- புகை திரும்பி வந்தால் பர்னரை அணைக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச். டாம்பருக்குப் பக்கத்தில் பொருத்துவது. சின்னச் செலவு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.
- முடிந்ததும் எரிப்புச் சோதனை, அதன் அச்சுச் சீட்டு.
- பெர்மிட்டை யார் எடுப்பார்கள் என்பது.

எண்ணெய் பர்னருக்கான பெர்மிட் ஊர்த் தீயணைப்புத் துறையில் எடுப்பது. தண்ணீர்க் குழாய் வேலைக்கும் மின்சார வேலைக்கும் தனித்தனிப் பெர்மிட். எல்லாவற்றையும் அந்தந்த வேலைக்காரரே எடுக்க வேண்டும். "நீங்களே எடுத்துக்கொடுங்கள், செலவு குறையும்" என்று யாராவது சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் தீயணைப்புத் துறை வந்து பார்த்துக் கையெழுத்திடும். அந்தக் கையெழுத்து வரும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

நேரம்: மே முதல் ஆகஸ்ட் வரை செய்தால் ஆட்களும் கிடைப்பார்கள், அவசரத்தில் தலையாட்டவும் வேண்டாம். சிம்னிப் பரிசோதனை, லைனர், பாய்லர் என்ற வரிசையில் போங்கள்.

6. இணைப்புக் குழாயும் அந்தச் சின்னக் கதவும்

பாய்லரிலிருந்து சிம்னி வரை குழாய் குட்டையாக, வளைவு குறைவாக இருக்க வேண்டும். சிம்னியை நோக்கி ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலமாவது ஏற வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் மூன்று திருகு. சாதாரண ஒற்றைத் தகரக் குழாய்க்கும் மரச்சட்டம், பலகை போன்ற எரியக்கூடிய பொருளுக்கும் நடுவில் 18 அங்குல இடைவெளி. பேஸ்மென்ட்டை அறையாக மாற்றும்போது சுவர் எழுப்பி இந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறார்கள். குழாயின் நுனி திம்பிளுக்குள் சிம்னியின் உள்சுவரோடு சமமாக நிற்க வேண்டும். அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் புகைக்குத் தடை.

அந்த வட்டக் கதவுதான் டிராஃப்ட் டாம்பர். பர்னர் ஓடும்போது அது லேசாகத் திறந்து ஆடிக்கொண்டிருக்கும். காற்றுள்ள நாளில் நன்றாகவே திறக்கும். வெளியே சிம்னி அதிகமாக இழுக்கும்போது, பேஸ்மென்ட் காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு இழுப்பைச் சமன் செய்வது அதன் வேலை. புகை வெளியே வருகிறது என்று பயந்து இதை டேப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் வாடை வீசினால் காரணம் வேறு, டெக்னீஷியனை அழையுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. பர்னர் ஓடத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆன பிறகு, ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து டாம்பரின் வாயருகே பிடியுங்கள். புகை இழையாக உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டாலோ, அங்கேயே சுழன்றாலோ, பாய்லரை அணைத்துவிட்டு ஆளை வரவழையுங்கள். பேஸ்மென்ட்டில் எண்ணெய் சிந்தியிருந்தாலோ வாடை அடித்தாலோ ஊதுபத்தி வேண்டாம்.

கூரை மேல் சிம்னியின் உயரத்துக்கும் கணக்கு இருக்கிறது. கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, பத்தடி தூரத்துக்குள் உள்ள எந்தப் பகுதியையும் விட 2 அடி உயரம். பின்னால் மாடி கட்டிச் சேர்த்த வீடுகளில் இது தவறிப்போயிருக்கும்.

7. பர்னருக்குக் காற்று வேண்டும். நம் சமையலறை அதைப் பறிக்கும்

இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, ஆனால் நம் வீடுகளில்தான் இது அதிகம் நடக்கும். தாளிப்பு வாடை போக வேண்டும் என்று 900 சி.எஃப்.எம்., 1,200 சி.எஃப்.எம். வேகத்தில் இழுக்கும் ஹூட் வாங்கி மாட்டுகிறோம். அது நிமிடத்துக்கு 900 கன அடி காற்றை வீட்டிலிருந்து வெளியே தள்ளுகிறது. அவ்வளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல்களை இறுக்கமாக மாற்றி, அட்டிக்கில் இன்சுலேஷன் போட்டு ஓட்டைகளை எல்லாம் அடைத்த வீட்டில் அதற்கு எளிதான ஒரே வழி சிம்னி. ஏற வேண்டிய புகை பேஸ்மென்ட்டுக்கு இறங்கும். கூடவே துணி டிரையரும் குளியலறை விசிறியும் ஓடினால் இன்னும் மோசம்.

400 சி.எஃப்.எம்.-க்கு மேல் போகும் ஹூட்டுக்கு, இப்படிப்பட்ட பாய்லர் உள்ள வீட்டில், ஈடுசெய்யும் காற்று வழி வைக்க வேண்டும் என்பது கட்டட விதி. ஹூட் மாட்ட வருபவர் பேஸ்மென்ட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார், நீங்கள் சொல்ல வேண்டும்.

பாய்லர் நிற்கும் இடத்துக்கும் ஒரு கணக்கு. 1,000 பி.டி.யூ.-வுக்கு 50 கன அடி இடம். 1,20,000 பி.டி.யூ. பர்னர் என்றால் 6,000 கன அடி, அதாவது ஏழடி உயர பேஸ்மென்ட்டில் சுமார் 860 சதுர அடி திறந்த இடம். பாய்லரைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கதவு போட்டு, பூஜை அறையோ குழந்தைகள் விளையாடும் அறையோ கட்டினால் இந்த இடம் சுருங்கிவிடும். அப்போது காற்றுத் திறப்புகள் வைக்க வேண்டும். கட்டுவதற்கு முன் டெக்னீஷியனிடம் காட்டுங்கள்.

மாஸ் சேவ் என்ற மாநில ஆற்றல் சிக்கனத் திட்டத்தில் இலவச ஆற்றல் பரிசோதனைக்கு வருபவர்கள் சிம்னி இழுப்பு குறைவாக இருந்தாலோ கார்பன் மோனாக்சைடு கூடுதலாக இருந்தாலோ இன்சுலேஷன் வேலையை நிறுத்திவைப்பார்கள். அதைச் சரிசெய்யும் செலவில் ஒரு பகுதிக்கு உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. வேலைக்குப் பணம் கட்டும் முன் அவர்களிடம் கேளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

8. சோதனைச் சீட்டில் இருக்க வேண்டிய எண்கள்

வருடாந்திர சர்வீஸுக்கு வருபவர் எண்ணெய் தெளிக்கும் நாசிலையும் எண்ணெய் ஃபில்டரையும் மாற்றி, பாய்லரின் உட்புறத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, குழாயைக் கழற்றித் தட்டிக் கரியை எடுத்து, கடைசியில் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். குழாயில் கால் அங்குலத் துளை ஒன்று இருக்கும், அதில்தான் கருவியை நுழைப்பார்கள். துளையே இல்லை என்றால் இதுவரை யாரும் சோதிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பொதுவாக எதிர்பார்க்கும் எண்கள் இவை. உங்கள் பாய்லரின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே செல்லும். குழாயில் இழுப்பு -0.04 முதல் -0.06 அங்குல நீர் (அழுத்தத்தின் அலகு; கழித்தல் குறி உள்ளே இழுப்பதைக் காட்டும்). எரியும் அறையில் -0.01 முதல் -0.02. புகைக் கறை, வெள்ளைத் தாளில் எடுக்கும் சோதனையில், பூஜ்யம் அல்லது கண்ணுக்கு அரிதான சுவடு. கார்பன் டை ஆக்சைடு 11 முதல் 13 சதவீதம். கார்பன் மோனாக்சைடு 100 பி.பி.எம்.-க்குக் (பத்து லட்சத்தில் 100 பங்கு) கீழே. "தீ மஞ்சளா நல்லா எரியுது" என்று கண்ணால் பார்த்துச் சொல்வது சோதனை ஆகாது.

சர்வீஸ் 150 முதல் 300 டாலர். சீட்டை வாங்கி ஒரு ஃபைலில் வையுங்கள். இன்ஷூரன்ஸ் கேட்டாலும், நாளை வீட்டை விற்கும்போதும் உதவும்.

9. கார்பன் மோனாக்சைடு அலாரம்

2005 ஜனவரியில் பிளிமத்தில், பனி மூடிய வெளிப்புகைக் குழாயால் ஏழு வயதுச் சிறுமி நிக்கோல் இறந்த பிறகு வந்த சட்டம் இது. 2006 மார்ச் 31 முதல் ஒவ்வொரு தளத்திலும் அலாரம் இருக்க வேண்டும், படுக்கையறைக் கதவிலிருந்து 10 அடிக்குள் ஒன்று. அலாரத்தின் ஆயுள் ஏழு முதல் பத்து வருடம். பின்பக்கத்தில் தேதி இருக்கும், இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். குடியேறும் வீட்டில் இருப்பது பழையதாக இருக்கலாம்.

அலாரம் அடிக்கவில்லை என்பதால் காற்று சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அளவு 70 பி.பி.எம். ஆனாலும் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் கழித்துத்தான் அடிக்கும்படி தரவிதி வைத்திருக்கிறது. அதற்குக் கீழே பல நாள் அடிக்காமலே இருக்கலாம். குழந்தையோ கர்ப்பிணியோ வயதான அப்பா அம்மாவோ வீட்டில் இருந்தால், எண் காட்டும் அலாரம் வாங்குங்கள். ஊரிலிருந்து வந்து நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் பெரியவர்கள் "தலை வலிக்குது, குமட்டுது, இந்த ஊர் குளிர் ஒத்துக்கலை" என்று சொன்னால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். வெளியே போனால் தலைவலி தெளிந்து, வீட்டுக்கு வந்தால் திரும்ப வருகிறதா என்று கேளுங்கள்.

10. அலாரம் அடித்தால், பர்னர் நின்றால்

அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியே வந்து, வெளியிலிருந்து 911 அழையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே காரணம் தேட வேண்டாம். பாய்லரை அணைக்கும் சிவப்பு ஸ்விட்ச் பெரும்பாலும் பேஸ்மென்ட் படியின் மேலே இருக்கும். போகிற வழியில் இருந்தால் அணையுங்கள். வீட்டிலிருக்கும் எல்லோருக்கும், பெரியவர்களுக்கும் சேர்த்து, அதை இன்றே காட்டி வையுங்கள்.

அலாரம் இல்லாமல் பர்னர் மட்டும் நின்றுபோனால், டாங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பர்னரில் உள்ள சிவப்பு ரீசெட் பொத்தானை ஒரே ஒருமுறை அழுத்தலாம். ஓடவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். அழுத்தும் ஒவ்வொரு தடவையும் எரியாத எண்ணெய் உள்ளே தெளிக்கப்பட்டுச் சேரும். கடைசியில் பற்றிக்கொள்ளும்போது மொத்தமும் ஒரேயடியாக வெடித்து, குழாய் மூட்டுகள் பிரிந்து வீடு முழுவதும் கரி படியும். ஜனவரி இரவில் வீடு குளிரும், பிள்ளைகள் நடுங்குவார்கள், கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும். போகவிடாதீர்கள். எண்ணெய் நிறுவனங்கள் பலவற்றுக்கு 24 மணி நேர அவசர எண் உண்டு, அதைப் பாய்லர் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

புகை திரும்பி வந்து பாதுகாப்பு ஸ்விட்ச் பர்னரை அணைத்திருந்தால் அதை நீங்கள் திரும்ப அழுத்தக் கூடாது. பாய்லர் டெக்னீஷியன் வந்து பர்னர் சரி என்று சொன்னால், சிம்னியையும் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் சிம்னி ஆளும் வந்து பார்த்து, இருவரும் எழுதிக் கொடுத்த பிறகு ஓட்டுங்கள்.